முந்திப் பாய்ந்த தீப்பொறி



இலக்கணமும் கட்டுரைப் பயிற்சியும் எழுதிக் கொண்டிருந்தவன் திடீரென்று மகிழுந்து இயந்திரத்தைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். சென்ற ஆண்டு பள்ளி விடுமுறையில் எனக்கு நேர்ந்த ஓர் அனுபவத்தை எழுதி வைக்காவிட்டால், அதை நானே எனக்கு ஏற்றபடி மறந்துவிடுவேன் என்ற அச்சம்தான் இதை எழுதத் தூண்டியது. இதில் இயந்திரத்தைப் பற்றிய செய்தி பாதி. என்னைப் பற்றிய செய்தி மீதி.

என்னிடம் இருப்பது புரோட்டோன் சாகா இஸ்வாரா. 1999 ஆம் ஆண்டு வாங்கியது. 1.5 லிட்டர் கொள்ளளவுள்ள மிட்சுபிஷி 4ஜி15 வகை இயந்திரம், கார்புரேட்டர் பூட்டியது. கணினியும் உணர்கருவிகளும் நிறைந்த இன்றைய வண்டிகளுக்கு முன்னால் அது பழம்பொருள்தான். எனினும், பிள்ளைகளைப் பள்ளிக்கும் பல்கலைக்கழகத்திற்கும் ஏற்றிச் சென்ற வண்டியை விற்க மனம் வரவில்லை.

சென்ற ஆண்டு அதன் டைமிங் பெல்ட்டை மாற்ற வேண்டியதாயிற்று. அந்தப் பெல்ட் ரப்பரால் ஆன பல் வைத்த பட்டை. கீழே சுழலும் கிராங்க் தண்டையும் மேலே வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டையும் அதுவே இணைக்கிறது. கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். இந்தக் கணக்கு பிசகாமல் காப்பதே பெல்ட்டின் வேலை. ஓடிய தூரம் குறைவாக இருந்தாலும், ஆண்டுகள் கடந்தால் ரப்பர் முதுமை அடையும். பல இயந்திரங்களில் பெல்ட் அறுந்த மறுகணமே பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளும்; பிறகு செலவு பெரிதாகிவிடும். எட்டு ஆண்டுகளாக நான் இதைத் தள்ளிப் போட்டது தவறுதான்.

இம்முறை பெல்ட்டை மாற்றியவர் என் முன்னாள் மாணவர். எங்கள் ஊரிலேயே சிறிய பட்டறை வைத்திருக்கிறார். நம் நாட்டில் மெக்கானிக்கைப் பொமேன் என்று அழைப்பது வழக்கம். ஊரில் பலருக்கும் அவர்தான் பொமேன். எனக்கு மட்டும் அவர் இன்னமும் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் கடைசி வரிசையில் அமர்ந்து, வீட்டுப்பாடத்தை முடிக்காமல் வந்து நிற்கும் சிறுவனாகவே தெரிந்தார். இப்படி நினைத்தேன் என்பதை அப்போது நான் உணரவில்லை. இப்போது உணர்கிறேன்.

வண்டியை எடுக்கச் சென்ற மாலையில் அவர் ஏதோ சொன்னார்.

"சார், பழைய பெல்ட்டு ஒரு பல்லு தள்ளி இருந்துச்சு. இப்ப மார்க்குக்குச் சரியாப் போட்டுட்டேன். வண்டி இனிமே நல்லா இழுக்கும்."

நான் கைப்பேசியில் பள்ளிக் குழுவின் செய்திகளைப் பார்த்துக் கொண்டே "சரி, சரி" என்றேன். பணத்தைக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டேன். அவர் கூறிய அந்த ஒற்றை வரியில்தான் பின்னர் நடந்த அனைத்திற்கும் விடை இருந்தது. அது என் காதில் விழுந்தது. ஆனால் நான் அதைக் கேட்கவில்லை.

மலைச் சாலையில் எழுந்த ஓசை

ஊருக்குள் ஓட்டிய நான்கு நாள்களும் வண்டி உண்மையிலேயே நன்றாக ஓடியது. ஐந்தாம் நாள், ரிங்லெட்டில் உள்ள உறவினர் வீட்டிற்குக் குடும்பத்துடன் புறப்பட்டோம். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலை வளைந்து வளைந்து செல்வது. லாத்தா இஸ்கண்டார் அருவியைத் தாண்டி ஏற்றம் கூடியபோது, நான்காம் கியரில் முடுக்கியை அழுத்தினேன். முன்புறமிருந்து ஓர் ஓசை கேட்டது. காலி மைலோ டின்னில் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்கினால் எப்படி இருக்கும்? அப்படி ஓர் ஓசை. முடுக்கியிலிருந்து காலை எடுத்தால் நின்றது. மீண்டும் அழுத்தினால் மீண்டும் எழுந்தது.

"என்னங்க, எஞ்சின் உடையப் போகுதா?" என்று துணைவியார் கேட்டார்.

"பெல்ட்டைத் தப்பாப் போட்டுட்டான்" என்றேன்.

எவ்வளவு விரைவான தீர்ப்பு! வண்டியை ஓரமாக நிறுத்தவில்லை. முன்மூடியைத் திறந்து பார்க்கவில்லை. பெல்ட் மாற்றுவதற்கு முன் ஓசை இல்லை. மாற்றிய பின் ஓசை வருகிறது. ஆகவே மாற்றியவன் பிழை செய்தான். இதுதான் என் தருக்கம். வகுப்பில் ஒரு மாணவன் இப்படி வாதிட்டால், ஒன்றன்பின் ஒன்று நிகழ்வதாலேயே முன்னது பின்னதற்குக் காரணமாகிவிடாது என்று நானே திருத்தியிருப்பேன்.

ரிங்லெட்டில் அருவி நீரைக் குடித்தபடி வண்டி ஓய்வெடுத்தது என்று வேடிக்கையாக எழுத ஆசைதான். உண்மையில், அன்றிரவு முழுவதும் பொமேனிடம் என்ன சொல்வது என்றே நான் மனத்திற்குள் ஒத்திகை பார்த்துக் கொண்டிருந்தேன். மறுநாள் திரும்பி வந்ததும் ரோன் 97 பெட்ரோலை நிரப்பிப் பார்த்தேன். ஊருக்கு வெளியே உள்ள மேட்டில் ஓசை குறைந்தது, ஆனால் மறையவில்லை. வேறொன்றையும் கவனித்தேன். இயந்திரம் சூடாக இருக்கும்போது தொடக்கினால், ஸ்டார்ட்டர் ஒரு கணம் எதன்மீதோ முட்டியதைப் போலத் திணறியது.

நேரே பட்டறைக்குச் சென்றேன். அங்கே மூன்று வாடிக்கையாளர்கள் அமர்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னிலையில், வகுப்பறையில் பேசும் அதே குரலில், "அப்பவும் கவனம் இல்ல, இப்பவும் கவனம் இல்ல" என்றேன்.

அவர் முகம் வாடியது. கையைத் துணியில் துடைத்துக் கொண்டே, "பாத்துட்டுச் சொல்றேன் சார்" என்றார். அவ்வளவுதான். எதிர்த்து ஒரு சொல் பேசவில்லை.

அவர் ஆராய்ந்த முறை

அடுத்த இரண்டு மணி நேரம் நான் அங்கேயே நின்றேன். பிழையை நேரில் பிடிக்க வேண்டும் என்ற எண்ணம்தான். நான் கண்டதோ ஒரு நல்ல பாடம்.

அவர் முதலில் கருவி எதையும் எடுக்கவில்லை. கேள்விகள் கேட்டார். எப்போது ஓசை வருகிறது? வண்டி நிற்கும்போதா, ஏறும்போதா? குளிர்ந்த இயந்திரத்திலா, சூடான இயந்திரத்திலா? காலை எடுத்தால் நிற்கிறதா? பெட்ரோலை மாற்றியபின் வேறுபாடு இருந்ததா?

ஒவ்வொரு கேள்விக்கும் காரணம் இருந்தது. இயந்திரத்தில் தட்டும் ஓசைகள் பலவகை. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டின் பேரிங் தேய்ந்தால் கனத்த, ஆழமான தட்டல் எழும். எந்தப் பெட்ரோலை ஊற்றினாலும் அது மாறாது. வால்வு இடைவெளி கூடினால் மெல்லிய 'டிக் டிக்' ஓசை கிராங்க் வேகத்தில் பாதி வேகத்தில் கேட்கும். வண்டி நிற்கும்போதும் கேட்கும். தேய்ந்த பிஸ்டன் உருளையின் சுவரில் மோதுவதால் வரும் ஓசை, இயந்திரம் சூடானால் பெரும்பாலும் குறையும். பெல்ட் தளர்ந்து மூடியில் உரசினால் அது உரசல் ஓசையாக இருக்கும். புகைக்குழாயின் வெப்பத் தகடு தளர்ந்தாலும் கலகலக்கும்.

சுமை ஏறும்போது மட்டும் வந்து, காலை எடுத்தால் நின்று, ரோன் 97 ஊற்றினால் குறையும் ஓசை இவற்றில் எதுவுமன்று. "பெட்ரோலு மாத்துனா குறையுதுன்னா, இரும்பு அடிக்கல சார், நெருப்பு அடிக்குது" என்றார். இன்றுவரை என் நினைவில் நிற்கும் வாசகம் இது.

நெருப்பு எப்படி அடிக்கும்? உருளைக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையைப் பிஸ்டன் அழுத்துகிறது. தீப்பொறி பாய்ந்ததும் அந்தக் கலவை வெடிப்பதில்லை. தீ ஒரு முனையில் பற்றிப் படிப்படியாகப் பரவ வேண்டும். தீப்பொறி மிக முந்திவிட்டால், அழுத்தமும் வெப்பமும் அளவு மீறி உயரும். தீ இன்னும் சென்று சேராத மூலையில் எஞ்சியிருக்கும் கலவை, காத்திருக்க முடியாமல் தானாகவே ஒரே கணத்தில் பற்றிக்கொள்ளும். அதனால் எழும் அழுத்த அலை உருளையின் சுவர்களில் மோதித் தெறிப்பதுதான் நமக்குக் கூழாங்கல் ஓசையாகக் கேட்கிறது. இதை ஆங்கிலத்தில் 'நாக்கிங்' என்பர். இது நீடித்தால் பிஸ்டனின் தலைப்பகுதி அரிக்கப்படும், கேஸ்கெட்டும் பழுதாகும்.

பெட்ரோலுக்குத் தரப்படும் ரோன் எண், இந்தத் தானாகப் பற்றும் இயல்பை அது எவ்வளவு எதிர்த்து நிற்கிறது என்பதையே காட்டுகிறது. ஐசோ ஆக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0 என்று வைத்துக் கணக்கிடுவார்கள். இவ்விரண்டையும் 95க்கு 5 என்ற அளவில் கலந்தால் எந்த நிலையில் தட்டுமோ, அந்த நிலையில் தட்டும் பெட்ரோல் ரோன் 95. நம் நாட்டில் 2009 ஆம் ஆண்டில் ரோன் 92க்கு மாற்றாக ரோன் 95 வந்தது.

அடுத்து அவர் எளியவற்றைச் சோதித்தார். குளிர்நீர் அளவைப் பார்த்தார். இயந்திரம் அளவுக்கு மீறிச் சூடாகிறதா என்று பார்த்தார். தீப்பொறிச் செருகிகளைக் கழற்றி அவற்றின் வெள்ளைப் பீங்கானில் கரும்புள்ளிகளோ உலோகத் துகள்களோ ஒட்டியுள்ளனவா என்று ஆராய்ந்தார். உரிய வகைச் செருகிதானா என்று எண்ணையும் ஒப்பிட்டார். எல்லாம் சரியாக இருந்தன.

பெல்ட்டின் சாட்சியம்

பிறகுதான் நான் எதிர்பார்த்த இடத்திற்கு வந்தார். டைமிங் பெல்ட்டின் மேல்மூடியைக் கழற்றினார். நான் நெருங்கிச் சென்று நின்றேன்.

செருகிகள் கழற்றப்பட்டிருந்ததால் கிராங்க் எளிதாகச் சுழன்றது. வண்டி ஓடும் திசையிலேயே அதைக் கையால் மெல்லச் சுழற்றி, முதல் உருளையின் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டு வந்தார். இதில் ஒரு நுட்பம் உண்டு. பிஸ்டன் இரண்டு சுற்றில் இருமுறை உச்சிக்கு வரும்; கலவையை அழுத்தி முடிக்கும் உச்சியே நமக்கு வேண்டியது. டிஸ்டிரிபியூட்டரின் சுழலி முதல் உருளைக்குரிய முனையை நோக்குகிறதா என்று பார்த்தால் அது விளங்கிவிடும். கிராங்க் கப்பியின் வெளிவளையம் ரப்பரில் வழுக்கி இடம் மாறியிருந்தால் அதிலுள்ள குறியே பொய் சொல்லும். ஆகவே, செருகித் துளை வழியே ஒரு நீண்ட நெகிழிக் குழலை விட்டு, பிஸ்டன் உண்மையிலேயே உச்சியில் நிற்பதையும் உறுதிப்படுத்தினார்.

கேம் சக்கரத்தின் குறி, இயந்திரத் தலையிலுள்ள குறிக்கு நேராக நின்றது. கீழ்மூடியையும் கழற்றினார். கிராங்க் சக்கரத்தின் குறியும் நேராக நின்றது. மீண்டும் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றினார். மீண்டும் இரண்டு குறிகளும் தத்தம் இடத்திலேயே வந்து நின்றன. பெல்ட்டின் இறுக்கமும் சரியாக இருந்தது.

"பெல்ட்டு சரியாத்தான் இருக்கு சார்."

எனக்கு மகிழ்ச்சி உண்டாகியிருக்க வேண்டும். ஏமாற்றமே உண்டாயிற்று. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. வண்டி நலமாக இருக்க வேண்டும் என்பதைவிட, என் சொல் மெய்யாக வேண்டும் என்றே அக்கணத்தில் என் மனம் விரும்பியது.

மூடிகளைப் பூட்டிவிட்டு, டைமிங் லைட்டை எடுத்து வந்தார். முதல் உருளையின் கம்பியில் அதன் கவ்வியை மாட்டினால், ஒவ்வொரு முறை தீப்பொறி பாயும்போதும் விளக்கு மின்னும். சுழலும் கப்பியிலுள்ள குறி, அந்த மின்னலில் அசையாமல் நிற்பதைப் போலத் தோன்றும். இயந்திரத்தைச் சூடாக்கி, வெற்றிடக் குழாயைக் கழற்றி அடைத்து, மெதுவோட்ட வேகத்தைச் சரிசெய்துவிட்டு விளக்கைப் பிடித்தார். குறி, உச்சிக்கு 5 பாகை முன்னால் நிற்க வேண்டும். அதுவோ அளவுகோலின் கடைசிக் கோட்டையும் தாண்டி நின்றது.

தீப்பொறி மிகவும் முந்திப் பாய்ந்து கொண்டிருந்தது. சூடான இயந்திரம் தொடக்கத்தில் திணறியதும் இதனால்தான். பிஸ்டன் மேலேறும்போதே தீப்பற்றி அதைக் கீழே தள்ள முயன்றது.

சில பாகைகள்தானே என்று எண்ணக்கூடாது. நிமிடத்திற்கு 3,000 சுற்றில் இயந்திரம் ஓடும்போது, ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு. அதில் 10 பாகை என்பது ஏறத்தாழ ஒரு நொடியில் ஈராயிரத்தில் ஒரு பங்கு நேரமே. அந்தச் சிறு முந்தல்தான் மலைச் சாலையில் என் குடும்பத்தை அச்சுறுத்தியது.

உண்மை வெளிப்பட்ட இடம்

பெல்ட் சரி, தீப்பொறி பிழை. டிஸ்டிரிபியூட்டரை நான் தொடவே இல்லை என்கிறார் அவர். அதன் திருகாணியைச் சுற்றி ஆண்டுக்கணக்கில் படிந்த அழுக்கும் கலையாமல் இருந்தது. அப்படியானால் எப்படி?

அவர் கைப்பேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். பழைய பெல்ட்டைக் கழற்றும் முன் எடுத்த படம். கிராங்க் குறி நேராக நிற்க, கேம் குறி ஒரு பல் அளவு பின்தங்கியிருந்தது.

"அன்னிக்கே சொன்னேனே சார்..."

ஆம். சொன்னார். நான் கைப்பேசியைப் பார்த்துக் கொண்டிருந்தேன்.

அப்போதுதான் எட்டு ஆண்டுகளுக்கு முந்தைய நிகழ்வு ஒன்று என் நினைவிற்கு வந்தது. முன்பு ஒருமுறை வேறோர் இடத்தில் பெல்ட்டை மாற்றியபின் வண்டி சோம்பலாக ஓடியது. நான் இன்னொரு பொமேனிடம் சென்று, ஏதோ படித்த அறிவில், "டிஸ்டிரிபியூட்டரைக் கொஞ்சம் முன்னுக்குத் திருப்பி விடுங்க" என்று கேட்டேன். அவரும் விளக்கு எதுவும் பிடிக்காமல், காதால் கேட்டே திருப்பிவிட்டார். வண்டி ஓரளவு சுறுசுறுப்படைந்தது. ஐந்து நிமிடத்தில் முடிந்த வேலை என்று நண்பர்களிடம் நான் பெருமையாகச் சொல்லிக் கொண்டதும் நினைவிற்கு வந்தது.

இப்போது கணக்கைப் பாருங்கள். கிராங்கின் பல்சக்கரத்தில் 20 பற்கள் உள்ளன என்று கொண்டால், ஒரு பல் பிசகு என்பது 18 பாகைப் பிசகு. டிஸ்டிரிபியூட்டரைச் சுழற்றுவது கேம். ஆகவே கேம் பின்தங்கினால் தீப்பொறியும் பின்தங்கும். அந்தப் பின்தங்கலைத்தான் நான் டிஸ்டிரிபியூட்டரைத் திருப்பி மறைத்தேன். ஒரு பிழையின் மீது இன்னொரு பிழையை ஏற்றி, இரண்டும் சேர்ந்து சரியானதைப் போல எட்டு ஆண்டுகள் வண்டியை ஓட்டியிருக்கிறேன்.

என் மாணவர் முதற்பிழையைத் திருத்தினார். கேம் தன் இடத்திற்கு வந்தது. அதனுடன் தீப்பொறியும் முன்னே வந்தது. ஆனால் நான் திருப்பி வைத்த திருப்பம் அப்படியே இருந்தது. அதுமட்டுமன்று, வால்வுகள் உரிய நேரத்தில் மூடியதால் உருளைக்குள் அழுத்தமும் முன்பைவிடக் கூடியது. இரண்டும் சேர்ந்து தட்டின. ஓசை அவர் பட்டறையிலிருந்து வெளிவந்தது உண்மைதான். ஆனால் அதன் விதையை ஊன்றியவன் நான்.

டிஸ்டிரிபியூட்டரின் திருகாணியைத் தளர்த்தி, விளக்கைப் பார்த்துக் கொண்டே மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். குறி 5 பாகைக்கு வந்ததும் திருகாணியை இறுக்கி, இறுக்கும்போது அசைந்ததா என்று மீண்டும் விளக்கைப் பிடித்துப் பார்த்தார். ரோன் 95 பெட்ரோலையே ஊற்றிக் கொண்டு, மறுநாள் இருவரும் லாத்தா இஸ்கண்டார் ஏற்றம்வரை ஓட்டிச் சென்றோம். அதே வளைவு, அதே நான்காம் கியர். இயந்திரத்தின் இரைச்சலைத் தவிர வேறு ஓசை இல்லை.

திரும்பும் வழியில் நான் மன்னிப்புக் கேட்டேன். சிறிது நேரம் சாலையையே பார்த்துக் கொண்டிருந்துவிட்டு அவர் சொன்னார்: "எம்மேலயும் தப்பு இருக்கு சார். பெல்ட்டு மாத்துனா லைட்டு போட்டுப் பாத்திருக்கணும். டிஸ்டிரிபியூட்டரைத் தொடலையேன்னு விட்டுட்டேன்."

தன் பங்கைத் தானே முன்வந்து ஒப்புக்கொண்டார். நானோ மூன்று பேர் முன்னிலையில் குற்றம் சாட்டிவிட்டு, யாருமில்லாத காருக்குள் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்! அது உறைத்தது. அந்த வார இறுதியில் பட்டறைக்குச் சென்றேன். அன்று இருந்தவர்களில் ஒருவர் அங்கே இருந்தார். "அன்று தவறு என்னுடையது, இவருடைய வேலை சரியாகத்தான் இருந்தது" என்று அவர் காதுபடச் சொன்னேன். அவருக்கு அது பெரிதாகப் படவில்லை. என் மாணவர் மட்டும் தலையைக் குனிந்து சிரித்துக் கொண்டார்.

ஓசையை அடக்குவதும் காரணத்தை அறிவதும்

இந்த நிகழ்வுக்குப் பின் இயந்திரத் தட்டலின் வரலாற்றைச் சற்றுப் படித்தேன். 1921 ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்னும் பொறியாளர், டெட்ரா எத்தில் ஈயம் என்ற பொருளைப் பெட்ரோலில் சிறிதளவு கலந்தால் தட்டல் அடங்குவதைக் கண்டறிந்தார். ஓசை அடங்கியது, உலகம் மகிழ்ந்தது. 1924 ஆம் ஆண்டிலேயே அப்பொருளைத் தயாரித்த ஆலைத் தொழிலாளர் சிலர் ஈய நஞ்சால் மாண்டனர். ஆயினும் விற்பனை தொடர்ந்தது. புகையோடு கலந்த ஈயம் பல தலைமுறைக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதித்தது. 2021 ஆம் ஆண்டில் அல்ஜீரியா நிறுத்திய பிறகுதான் மகிழுந்துகளுக்கான ஈயப் பெட்ரோல் உலகில் முற்றாக ஒழிந்தது. ஓசை அடங்கிவிட்டது என்பதால் நோய் தீர்ந்துவிட்டது என்று பொருளில்லை. ரோன் 97ஐ ஊற்றி அப்படியே ஓட்டியிருந்தால் நானும் அந்த வழியில்தான் சென்றிருப்பேன்.

வகுப்பறைக்குத் திரும்பிய பின்

பள்ளி திறந்தது. என் வகுப்பில் ஒரு மாணவி. கட்டுரையில் எழுத்துப் பிழையே வராது. லகர ளகர ழகர வேறுபாட்டை வகுப்பிற்கு மீண்டும் ஒருமுறை விளக்கமாகக் கற்பித்தேன். அடுத்த கட்டுரையில் அவளுக்கு ஒன்பது பிழைகள்! சிவப்பு மையை எடுத்து, "கவனம் இல்லை" என்று எழுதப் போனேன். கை நின்றது.

அருகில் அழைத்துக் கேட்டேன். முன்பு எந்த ழகரம் என்று தெரியாத சொற்களை அவள் எழுதுவதே இல்லையாம். 'மகிழ்ச்சி' என்று எழுத வேண்டிய இடத்தில் 'சந்தோசம்' என்று எழுதுவாள். 'கீழே வைத்தான்' என்பதைத் 'தரையில் வைத்தான்' என்று மாற்றிக்கொள்வாள். பாடம் நடத்தியபின் துணிவு வந்து, அச்சொற்களை எழுதத் தொடங்கியிருக்கிறாள். பிழைகள் கூடவில்லை, மறைந்திருந்தவை வெளியே வந்திருக்கின்றன. அவள் பின்னடையவில்லை, முன்னேறியிருக்கிறாள். "கவனம் இல்லை" என்ற இரண்டு சொற்களை நான் எழுதியிருந்தால், அவள் மீண்டும் 'சந்தோச'த்திற்கே திரும்பிப் போயிருப்பாள்.

இருபது ஆண்டுகளுக்கு முன், கடைசி வரிசையில் வீட்டுப்பாடம் முடிக்காமல் நின்ற அந்தச் சிறுவனிடம், ஏன் முடிக்கவில்லை என்று நான் ஒருமுறையாவது கேட்டேனா? நினைவில்லை. கேட்டிருக்க மாட்டேன் என்றே நினைக்கிறேன். என் தீர்ப்பும் அந்தத் தீப்பொறியைப் போலத்தான். உரிய நேரத்திற்கு முன்பே பாய்ந்துவிடும்.

பழைய மகிழுந்து வைத்திருக்கும் அன்பர்களுக்கு மூன்று செய்திகள் சொல்லி முடிக்கிறேன். டைமிங் பெல்ட்டை மாற்றினால், குறிகளை நேராக்கி இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்ப்பதோடு நிறுத்தாமல், டிஸ்டிரிபியூட்டர் உள்ள வண்டியாக இருந்தால் டைமிங் லைட்டால் தீப்பொறி நேரத்தையும் சோதிக்கச் சொல்லுங்கள். தட்டல் ஓசை கேட்டால் மலையேற்றத்தைத் தொடராமல், கியரைக் குறைத்து, முடுக்கியை மெல்ல அழுத்தி, விரைவில் பட்டறைக்குக் கொண்டு செல்லுங்கள். மூன்றாவது: வண்டியைத் திரும்பப் பெறும்போது பொமேன் ஏதேனும் சொன்னால், கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டுக் கேளுங்கள்.